ஆக்ஸைடுகளின் இடையே தோன்றிய காந்தமும் நம் குறிப்பேடுகளும்

நமது கல்லூரி மலரின் தமிழ்ப் பகுதியில் இலக்கியக் கட்டுரைகளும் பிரயாணக் கட்டுரைகளும் ஆண்டுதோறும் இடம் பெறுகின்றன. பௌதிக சாஸ்திரத்தைப் பற்றிய கட்டுரையோ அத்தி பூத்தாற்போல் எப்பொழுதேனும் ஒருமுறை காணப்படுகின்றது. அக்குறையைச் சிறிதேனும் போக்க விரும்புகின்றோம். அதனுடன், நம் பரிசோதனைச் சாலைகளில் நெடுங்காலமாக வேரூன்றியிருக்கும் ஒரு வழக்கத்தைக் குறித்து நமது கருத்தை ஒளிவு மறைவின்றிச் சொல்லவும் விரும்புகின்றோம். இவ்விரண்டும் வெவ்வேறு பொருள்கள் எனத் தோன்றலாம். முடிவு வரை பொறுமையுடன் படிப்போர்க்கு இவை ஒன்றே என்பது விளங்கும்.

ஸ்ட்ரான்ஷியம் டைட்டனேட் என்பது ஒளி ஊடுருவும் ஒரு படிகம். வைரத்தைப் போல் மின்னுவதால் ஒரு காலத்தில் அதனை அணிகலன்களிலும் பதித்தனர். லாந்தனம் அலுமினேட் என்பது அதனை ஒத்த மற்றொரு படிகம். இரண்டும் உலோகங்கள் பிராணவாயுவுடன் கூடிப் பிறந்தவை. ஆதலின் ஆக்ஸைடுகள் எனப் பெயர் பெற்றன. இரண்டும் மின்சாரத்தைச் செல்லவிடாத அரிதிற்கடத்திகள். இரண்டிலும் இரும்பிற்குரிய காந்தத்தன்மை சிறிதும் இல்லை. இவற்றைத் தனித்தனியே ஆராய்ந்த எவரும் இவை சந்திக்கும் இடத்தில் புதுமை ஒன்று பிறக்கும் என எதிர்பார்த்திருக்க மாட்டார்.

2004ஆம் ஆண்டில் அகிரா ஓட்டோமோ, ஹரால்டு ஹுவாங் என்னும் இருவர் ஸ்ட்ரான்ஷியம் டைட்டனேட் படிகத்தின்மீது லாந்தனம் அலுமினேட்டை லேசர் ஒளியின் துணையால் அணு அடுக்குகளாகப் படியச் செய்து, அவ்விரண்டும் கூடுமிடத்தை ஆராய்ந்தனர். கடத்தாப் பொருள்கள் இரண்டின் நடுவே மின்சாரம் தங்குதடையின்றி ஓடக் கண்டனர். அங்கே எலெக்ட்ரான்கள் ஒரு மெல்லிய தளத்தில் திரண்டு நின்றன. ஓர் அறையினுள் காற்றின் மூலக்கூறுகள் எங்கும் உலவுவதுபோல, அவை அத்தளத்தில் நாற்புறமும் உலவின. ஆதலின் அத்திரளை எலெக்ட்ரான் வாயு என்பர். ஆனால் இவ்வறைக்கு நீளமும் அகலமும் உண்டேயன்றி உயரம் இல்லை எனலாம். அதன் பருமன் சில நானோமீட்டர்களே. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கினால் அதில் ஒரு கூறு ஒரு நானோமீட்டர்.

இவ்வெலெக்ட்ரான்கள் எங்கிருந்து வந்தன? லாந்தனம் அலுமினேட்டில் ஓரடுக்கு நேர்மின்னும் அடுத்த அடுக்கு எதிர்மின்னும் கொண்டு மாறி மாறி அமைந்துள்ளன. ஸ்ட்ரான்ஷியம் டைட்டனேட்டின் அடுக்குகளோ மின்னூட்டம் இல்லாத நடுநிலையின. ஆகவே முன்னதைப் பின்னதன்மீது அடுக்க அடுக்க, மின்னழுத்தம் படிப்படியாக ஏறிக்கொண்டே செல்கின்றது. ஓரளவுக்குமேல் அதனைத் தாங்கவியலாது எலெக்ட்ரான்கள் இடம் பெயர்ந்து, இரு படிகங்களும் கூடுமிடத்தை அடைகின்றன. படிகத்தின் இரண்டு சிற்றறைகளுக்கு ஓர் எலெக்ட்ரான் வீதம் அங்கே சேர வேண்டும் என்பது கணக்கு. 2006இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரத்து ஆராய்ச்சியாளர்கள், மூன்று சிற்றறைப் பருமன் வரை மின்சாரம் ஓடுவதில்லை என்றும், நான்காவது அடுக்கு ஏறியவுடன் ஓடத் தொடங்குகின்றது என்றும் காட்டினர். இது அக்கொள்கைக்கு வலிமை தந்தது. எனினும் பிராணவாயு அணுக்கள் சில படிகத்தைவிட்டு நீங்கினால், அவற்றின் வெற்றிடங்களும் எலெக்ட்ரான்களை அளிக்கும். படிகத்தை வளர்க்கும்போது பிராணவாயுவின் அழுத்தத்தைக் குறைத்தால் எலெக்ட்ரான்கள் பெருகுவதும் கண்கூடு. ஆகவே இரண்டு காரணங்களும் ஒரே மேடையில் நின்று வழக்காடுகின்றன.

இனிக் காந்தத்திற்கு வருவோம். ஒவ்வோர் எலெக்ட்ரானும் தன் இயல்பிலேயே ஒரு நுண்ணிய காந்தம். பெரும்பாலான பொருள்களில் அவை எதிரெதிராக இணைந்து ஒன்றன் விளைவை ஒன்று அழித்துவிடுகின்றன. இரும்பிலோ பல எலெக்ட்ரான்கள் ஒரே திசை நோக்கி அணிவகுத்து நிற்பதால் அது காந்தமாகின்றது. கட்டற்று உலவும் எலெக்ட்ரான் வாயுவுங்கூட, நெருக்கம் மிகக் குறையுமாயின், தானே காந்தமாகக் கூடும் என்று ஃபெலிக்ஸ் பிளாக் 1929இலேயே கணித்தார். ஆக்ஸைடுகளின் நடுவே திரண்ட எலெக்ட்ரான்களோ ஸ்ட்ரான்ஷியம் டைட்டனேட்டிலுள்ள டைட்டேனியம் அணுக்களில் குடியேறுகின்றன. அவற்றுள் சில அங்கேயே கட்டுண்டு நின்று, ஒரே திசை நோக்குமாயின் காந்தம் பிறக்கும். இது நிகழக்கூடும் என்பதில் முரண்பாடு ஒன்றும் இல்லை. உண்மையில் நிகழ்கின்றதா என்பதே வினா.

2007இல் நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகத்தார், நிகழ்கின்றது என்பதற்கு முதற்சான்று அளித்தனர். காந்தப்புலத்தை ஏற்ற ஏற்ற அத்தளத்தின் மின்தடை வெகுவாகக் குறைந்தது. 0.3 கெல்வின் என்னும் கடுங்குளிரில், புலத்தை ஏற்றும்போது ஒரு வழியும் இறக்கும்போது வேறு வழியுமாக மின்தடை சென்றது. தன் பழைய நிலையை நினைவில் வைத்திருப்பது காந்தத்தின் அடையாளமன்றோ? அதே ஆண்டில் ஜெனீவாவிலும் ஆக்ஸ்பர்க்கிலும் உள்ள அறிஞர்கள், இத்தகைய தளத்தில் சுமார் 0.2 கெல்வினில் மின்தடை முற்றிலும் மறைந்து மீக்கடத்துந்தன்மை தோன்றுவதைக் கண்டனர். காந்தமும் மீக்கடத்துந்தன்மையும் பொதுவாகப் பகைவர். ஒன்று இருக்கும் இடத்தில் மற்றொன்று தங்குவது அரிது. எனவே 2011இல் மாஸாசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தாரும் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தாரும், இரண்டும் ஒரே தளத்தில் உடன் வாழ்கின்றன என்று தனித்தனியே அறிவித்தபோது பௌதிக உலகம் வியந்தது. முன்னவர் காந்தப்புலத்தில் படிகம் முறுக்கப்படும் விசையை அளந்து, ஒவ்வொரு சிற்றறைக்கும் ஓர் எலெக்ட்ரானின் காந்தத்தில் சுமார் பத்தில் மூன்று பங்கு உண்டு என மதிப்பிட்டனர். பின்னவர் மிக நுண்ணிய காந்த உணர்வுக் கருவியொன்றைத் தளத்தின்மீது நகர்த்திப் படம் எடுத்தனர். அப்படத்தில் காந்தம் எங்கும் பரந்திருக்கவில்லை. ஈரச்சுவரில் பூத்த காளான்போல ஆங்காங்கே சிறு சிறு திட்டுகளாக இருந்தது.

அதே 2011இல் மற்றொரு குழுவினர் நியூட்ரான் கதிர்களைக் கொண்டு நான்கு மாதிரிகளைச் சோதித்தனர். அவற்றில் இவ்விரு ஆக்ஸைடுகளும் மாறி மாறிப் பலமுறை அடுக்கப்பட்டிருந்தன. 1.7 கெல்வின் குளிரில், பூமியின் காந்தப்புலத்தைப் போல் இரண்டு லட்சம் மடங்குக்கும் மேற்பட்ட, அதாவது 11 டெஸ்லா வலிமையுள்ள புலத்தை அவற்றின்மீது செலுத்தினர். மாதிரியின் பரப்பு முழுமைக்கும் சராசரி காணின், காந்தமாக்கம் 2 காஸ் என்னும் அளவுக்கும் குறைவே என்று அறிவித்தனர். அன்றியும் அம்மாதிரிகளை வேறு கருவியால் அளந்தபோது சிற்சில வேளைகளில் மட்டும் மிகுந்த காந்தம் தென்பட்டது என்றும், அது பரிசோதனை முறையில் நேர்ந்த பிழையாக இருக்கலாம் என்றும் தாமே எழுதினர். பின்னர் 2014இல் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தார் சாதாரண அறை வெப்பத்திலேயே இத்தளத்தில் காந்தத்தைக் கண்டோம் என்றனர். அதுவும் எலெக்ட்ரான்களை மின்னழுத்தத்தால் தளத்தினின்றும் வெளியேற்றியபோதுதான் அது தோன்றியது. ஒருவர் கடுங்குளிரில் கண்டார். மற்றொருவர் அறை வெப்பத்தில் கண்டார். ஒருவர் திட்டுகளாகக் கண்டார். பிறிதொருவர் ஏறக்குறைய ஒன்றும் காணார். காரணம் டைட்டேனியத்தின் எலெக்ட்ரான்களா, பிராணவாயு வெற்றிடங்களா என்பதிலும் இன்றுவரை ஒருமித்த முடிவு ஏற்படவில்லை.

இவர்களுள் யார் பொய்யர்? ஒருவரும் அல்லர். அளக்கப் புகுந்த பொருளின் நுண்மையை நாம் சிந்தித்துப் பார்க்க வேண்டும். பக்கம் 5 மில்லிமீட்டர் உள்ள ஒரு சதுர மாதிரியை எடுத்துக்கொள்வோம். அதன் தளத்தில் சுமார் 160 லட்சம் கோடி சிற்றறைகள் உள்ளன. ஒவ்வொன்றிலும் மேற்கூறிய பத்தில் மூன்று பங்கு காந்தம் உளதெனக் கொண்டு, அவை அனைத்தையும் கூட்டினால் வருவது எவ்வளவு? ஒரு கிராமின் நூறு கோடியில் இரண்டு பங்கு எடையுள்ள இரும்புத் துகளின் காந்தத்திற்கு அது சமம். அத்துகளின் பக்கம் ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய நூற்றைம்பதில் ஒரு பங்கு. நம் தலைமயிரின் பருமனில் பத்தில் ஒரு பங்கு எனலாம். கண்ணுக்குத் தெரியாத அத்தகைய தூசி ஒன்று மாதிரியின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டால் போதும். தளம் முழுவதும் காந்தமென்று கருவி முழங்கிவிடும்.

இது வெறுங் கற்பனையன்று. 2004இல் ஹாஃப்னியம் ஆக்ஸைடு என்னும் மற்றொரு பொருளின் மெல்லிய படலங்களில் எதிர்பாராத காந்தம் காணப்பட்டதாக ஓர் அறிவிப்பு வெளிவந்தது. அடுத்த ஆண்டே வேறொரு குழுவினர் அப்படலங்களைத் தூய்மையாகச் செய்து சோதித்தபோது காந்தத்தைக் காணவில்லை. படலங்களைத் துருப்பிடியா எஃகு இடுக்கியால் பற்றி எடுத்தபோதோ, முன்னர் அறிவிக்கப்பட்டதை ஒத்த காந்தம் தோன்றிற்று! அக்காந்தம் இடுக்கியின் நுனியிலிருந்து வந்தது என்பதை எவ்வளவு பணிவுடன் கண்டறிந்தனர் பாருங்கள். நமது ஆக்ஸைடுத் தளத்தின் காந்தம் முழுவதும் இத்தகைய தூசியே என்று நாம் சொல்ல வரவில்லை. ஸ்டான்போர்டைச் சேர்ந்தவர்கள் கண்ட திட்டுகள், மின்சாரம் ஓடத் தொடங்கும் அந்த நான்கு அடுக்குப் பருமனை எட்டாத மாதிரிகளில் தோன்றவில்லை என்று 2012இல் காட்டப்பட்டது. தூசி அடுக்குகளை எண்ணிப் பார்த்தா ஒட்டும்? எனவே அங்கே ஏதோ உண்மை உண்டு என்றே நாமும் கருதுகின்றோம். ஆயினும், தன் இடுக்கியையும் சந்தேகிக்கத் தெரிந்தவனுக்கே அவ்வுண்மை அகப்படும் என்பதுதான் நாம் வற்புறுத்துவது.

இப்பொழுது நமது சொந்த வீட்டிற்குத் திரும்புவோம். நம் செய்முறை வகுப்பில் விலகு காந்தமானியைத் தொடாத பௌதிக மாணவர் இல்லை. டேன் ஏ நிலையிலும் டேன் பி நிலையிலும் கருவியை வைத்து, ஒரே சட்டக்காந்தத்தின் திருப்புத்திறனைக் காணல் வேண்டும். இரு நிலைகளிலும் ஒரே விடை வருவதே முறை. நடப்பது என்ன? மேசையின் கீழே இரும்புக்கால் முக்காலி நிற்கின்றது. மாணவரின் இடுப்பில் சாவிக்கொத்து தொங்குகின்றது. சட்டைப்பையில் கைபேசி கிடக்கின்றது. அதன் ஒலிபெருக்கியினுள் ஒரு காந்தம் உள்ளது. ஊசி தனக்குத் தோன்றியதை உண்மையாகவே காட்டுகின்றது. விடைகள் ஒத்து வருவதில்லை. மாணவர் என்ன செய்கின்றார்? சாவிக்கொத்தைத் தேடுவதில்லை. முன்னாண்டு மாணவரின் குறிப்பேட்டைத் தேடுகின்றார். அதில் உள்ள விடைக்கு ஏற்பக் கோணங்களைப் பின்னிருந்து முன்னாகக் கணக்கிட்டு, அழகிய கையெழுத்தில் எழுதி, சிவப்பு மையில் கையொப்பம் பெற்றுவிடுகின்றார். நாமும் மாணவராயிருந்த காலத்தில் இதனைச் செய்தவர்களே. இதனைச் சொல்ல வெட்கப்படுகின்றோம், ஆயினும் மறைக்க விரும்பவில்லை.

இதனை மாணவர் குற்றம் என்று மட்டும் கூறுதல் நீதியாகாது. ஒத்த விடைக்கு முழு மதிப்பெண்ணும் ஒவ்வாத விடைக்குக் குறைந்த மதிப்பெண்ணும் தருவோர் ஆசிரியரே. மூன்று மணி நேரத்தில் பரிசோதனையை முடிக்க வேண்டும். வெளியிலிருந்து வரும் பரீட்சகர் புத்தகத்திலுள்ள விடையையே எதிர்பார்ப்பார். ஒரு மாணவருக்காகக் கருவியை மறுபடியும் அமைக்க நேரம் ஏது என்பர். இந்நியாயங்களில் உண்மை இல்லாமற் போகவில்லை. ஆனால் நான்கு மாதிரிகளையும் அளந்து, பேரளவில் ஒன்றும் காணவில்லை என்று எழுதிய அந்த ஆராய்ச்சியாளர்களை நம் வகுப்பில் உட்கார வைத்திருந்தால், நாம் அவர்களுக்கு எத்தனை மதிப்பெண் தந்திருப்போம்? இவ்வினாவுக்கு நேர்மையான விடை சொல்ல நம்மால் இயலாது. உலகில் அவர்களது விடைக்கு மதிப்பு உண்டு. நமது கல்லூரியில் இல்லை. இதுவே நம் குறை.

பொய்யாக எழுதிய ஒரு கோணத்தால் யாருக்கு என்ன தீங்கு என்று சிலர் வினவலாம். சட்டக்காந்தத்திற்குத் தீங்கில்லை, எழுதிய கைக்கே தீங்கு. இன்று காந்தமானியின் விடையைத் திருத்தப் பழகிய கை, நாளை மருந்துச் சாலையில் ஒரு மருந்தின் அளவையும், பாலம் கட்டுமிடத்தில் இரும்பின் வலிமையையும், நகராட்சியில் குடிநீரின் தூய்மையையும் அவ்வாறே திருத்தக் கூசாது. அப்பொழுது அழிவது மதிப்பெண் அன்று, மனித உயிர்.

ஆதலின் நமது கல்லூரியார்க்கு மூன்று வேண்டுகோள்களை விடுக்கின்றோம். முதலாவது: செய்முறை வகுப்பில் கண்ட அளவுகளை அப்போதைக்கப்போது மையினாலேயே எழுத வேண்டும்; அழித்து எழுதுவதை விடுத்து, பிழையெனத் தோன்றினால் ஒரு கோடு கிழித்துப் பக்கத்தில் காரணம் குறிக்க வேண்டும். இரண்டாவது: விடை ஒவ்வாதபோது அதன் காரணத்தைத் தேடி எழுதும் மாணவருக்கு, ஒத்த விடை எழுதியவருக்கு நிகரான மதிப்பெண் தரவேண்டும், சாவிக்கொத்தைக் கண்டுபிடித்தவருக்குச் சற்று மிகுதியாகவே தரலாம். மூன்றாவது: ஆண்டுக்கு ஒரு பரிசோதனையையேனும் ஆசிரியருக்கும் விடை தெரியாததாக அமைக்க வேண்டும். எடையும் உள்ளமைப்பும் அறியாத ஒரு காந்தத்தைப் பெட்டியில் மூடி நான்கு குழுக்களிடம் கொடுத்து, நான்கு விடைகளையும் கரும்பலகையில் எழுதி, ஏன் வேறுபட்டன என்று உரையாடினால், அந்த ஒரு நாள் பல நாட்களின் பாடத்திற்கு ஈடாகும். இவற்றுள் எதற்கும் பெரும்பொருள் வேண்டியதில்லை. துணிவு ஒன்றே வேண்டும்.

சந்தேகமே விஞ்ஞானத்தின் முடிவு என்று நாம் சொல்வதாக எவரும் கொள்ளலாகாது. 2016இல் ஓர் ஆராய்ச்சிக் குழுவினர் அவ்விரு ஆக்ஸைடுகளின் நடுவே யூரோப்பியம் டைட்டனேட் என்னும் பொருளை மிக மெல்லிய அடுக்காக வைத்தனர். அது கடுங்குளிரில் காந்த ஒழுங்கு பெறும் பொருள் என்பது முன்னரே தெரிந்தது. காந்தத்தின் காரணத்தைத் தம் கையாலேயே உள்ளே வைத்தமையால், எலெக்ட்ரான் வாயு அதற்கு எவ்வாறு இணங்குகின்றது என்பதையும், மின்னழுத்தத்தால் அதனை மாற்றுவது எங்ஙனம் என்பதையும் அவர்கள் தெளிவாக ஆராய முடிந்தது. பல ஆண்டுகளின் ஐயம் இவ்வாறு புதிய வழியைத் திறந்தது. ஐயம் கதவை அடைப்பதன்று. எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்று காட்டுவது.

நமது கல்லூரி விசுவாசத்தின்மேல் நிறுவப்பட்டது. அத்தகைய இடத்தில் சந்தேகத்தைப் புகழலாமா என்று எவரேனும் தயங்கலாம். காயங்களைத் தொட்டுப் பார்த்தாலன்றி நம்பேன் என்ற சீடரை ஆண்டவர் புறம்பே தள்ளவில்லை. அருகில் அழைத்துக் கையை நீட்டச் சொன்னார். அச்சீடரே பின்னர் நம் நாட்டிற்கு வந்தார் என்பது மரபு. சென்னையில் உள்ள ஒரு மலை இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. தொட்டுப் பார்க்கக் கேட்டவர் அவர். தொடாமலே தொட்டதாக எழுதியவர் அல்லர். நம் மாணவ மாணவியரும் அவ்வாறே கையை நீட்டுவாராக. அடுத்த ஆண்டு செய்முறை வகுப்பில் ஊசி எதிர்பாராத பக்கம் திரும்புமாயின், முன்னாண்டுக் குறிப்பேட்டைத் தேடாது, முதலில் தம் சாவிக்கொத்தைக் கழற்றி வைப்பாராக. அதன் பின்னரும் ஊசி அப்பக்கமே நிற்குமாயின், அதனை அவ்வாறே மையினால் எழுதுவாராக.